கிளடிஸ் கோத்த பட்டி

கிளடிஸின் கை பட்டால் போகாத கறை இல்லை என்று ஸ்காபரோவில் அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் சொல்வார்கள். பேசாலையிலிருந்து கனடாவுக்கு வந்து, இரண்டு குளிர்காலம் கோழித் தொழிற்சாலையில் விறைத்து நின்று, பிறகு அந்த இல்லத்தின் சலவை அறைக்குள் நுழைந்தவள், பத்தொன்பது வருடமாக அங்கேயே நிற்கிறாள். இரத்தம் எந்தத் தண்ணீரில் போகும், மருந்துக் கறைக்கு என்ன போடவேண்டும், எந்தத் துணி சூடு தாங்காது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். வீட்டிலும் அப்படித்தான். அழுக்கோடு ஒரு பொருள் கண்ணில் பட்டுவிட்டால், அதைக் கழுவிக் காயப்போடும் வரைக்கும் அவளுக்கு இருப்புக்கொள்ளாது.

அவள் புருஷன் சீமோனுக்குப் பிக்கரிங்கில் கார் இருக்கைகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. கூட வேலை செய்த வெள்ளைக்காரன் ஒருவன் ஒரு இலையுதிர்காலத்தில் அவனைக் காட்டுக்குக் கூட்டிப்போனான். அதோடு பிடித்தது. நாற்பத்தெட்டு வயதில் வில்லும் அம்புமாக மான் வேட்டைக்கு வெளிக்கிட்டவனைச் சொந்தக்காரர் எல்லாம் பகிடி பண்ணினார்கள். அவன் கணக்கெடுக்கவில்லை. பீற்றர்பரோவுக்கு வடக்கே ஒரு காட்டில், பதினெட்டு அடி உயரத்தில், மரத்தோடு மரமாக அசையாமல் இருக்கும் நேரத்தில்தான் தன் மண்டைக்குள் மெஷின் சத்தம் நிற்கிறது என்று சொல்வான்.

கிளடிஸுக்கு அம்பில் பயமில்லை, மரத்தில்தான் பயம். அவளைச் சமாதானப்படுத்தச் சீமோன் ஒருநாள் கராஜின் கூரை வளையில் கயிற்றைக் கட்டித் தொங்கிக் காட்டினான். அகலமான பட்டியொன்று குழந்தையைப் போடும் ஏணை மாதிரி இடுப்புக்குக் கீழே தாங்கும். அதிலிருந்து ஒரு கயிறு மரத்துக்குப் போகும். அந்த ஏணைக்குள்ளிருந்து ஆள் நழுவாமல் பிடித்துவைப்பது இடுப்புப் பட்டியும் அதைப் பூட்டும் இரும்புப் பக்கிளும்.

"இஞ்ச பாரும். இந்தப் பட்டியை இரும்புக்குள்ளால ஒருக்காக் கோத்தால் காணாது. திருப்பி இன்னொருக்காக் கோக்கவேணும். அப்பத்தான் தன்னைத்தானே கடிச்சுக்கொண்டு நிக்கும். ஆனை இழுத்தாலும் வராது."

"தொடையைச் சுத்திக் கட்டுற பட்டி ரெண்டு கிடந்ததே, அதெங்கை?"

"அது நடக்கேக்க அரிக்குது. கழட்டிப்போட்டன்."

அவள் சரி என்றாள். அவள் கண் தட்டில் படிந்திருந்த தூசியில் நின்றது.

நான்கு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. மான் இறைச்சியில் மிளகு போட்டுக் குழம்பு வைக்கவும் அவள் பழகிவிட்டாள்.

ஐந்தாம் வருடம் செப்ரெம்பரில், கராஜைக் கூட்டப் போனவளுக்கு மூக்கில் அடித்தது. ஆணியில் தொங்கிய ஏணைப் பட்டிக்குள் எலி மூத்திரம் பெய்து வைத்திருந்தது. சீமோன் வேலையில் நின்றான். இரும்பு சலவை மெஷினைத் தட்டிப் பழுதாக்கிவிடும் என்று பக்கிளை இடுப்புப் பட்டியிலிருந்து உருவி எடுத்தாள். பட்டியை வலைப்பைக்குள் போட்டு, குளிர்தண்ணீரில் கழுவி, வீட்டின் பின்பக்க டெக்கில் காயவைத்தாள். பின்னேரம் எல்லாவற்றையும் பழையபடி பூட்டினாள். பட்டியை இரும்புக்குள்ளால் கோத்து இரண்டு தரம் இழுத்தும் பார்த்தாள். இறுக்கமாகத்தான் நின்றது.

சீமோன் வந்து பட்டியை மணந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தான்.

"என்னப்பா, சவுக்காரம் மணக்குது! மான் ஒரு மைலுக்கு அங்காலயே ஓடிப்போகும்."

"எலி மூத்திரத்துக்கு ஓடாதோ?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். மணம் போகட்டும் என்று அவன் அதை இரண்டு கிழமை வெளியே தொங்கவிட்டான். பக்கிளைப் பற்றி அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஒக்ரோபரில், சீமோன் அந்த வருடம் முதல்தரம் காட்டுக்குப் போன சனிக்கிழமை முற்பகல், துவாய் மடித்துக்கொண்டிருந்தவளுக்கு மகள் கிறிஸ்ரினாவிடமிருந்து அழைப்பு வந்தது. "அம்மா, அப்பா மரத்திலயிருந்து விழுந்திட்டார். ஹெலிகொப்ரர்ல கொண்டுவருகினம். ஹீ இஸ் அலைவ், அம்மா. ஹீ இஸ் அலைவ்." கிளடிஸ் கையிலிருந்த துவாயை மடித்து அடுக்கின் மேல் வைத்துவிட்டுத்தான் நடந்தாள். அதை ஏன் அப்படி மடித்து வைத்தேன் என்று பிறகு பலதரம் யோசித்திருக்கிறாள்.

உயிர் இருந்தது. நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி ஒன்றும் இல்லை. முள்ளந்தண்டு நொறுங்கிப்போனது, இனி நடக்கமாட்டார் என்று டொக்டர் ஒளிக்காமல் சொன்னார்.

மூன்றாம் நாள் பொலிஸ்காரர் ஒருவர் கட்டிலடியில் நின்று என்ன நடந்தது என்று கேட்டார். சீமோன் முகட்டைப் பார்த்தபடி, "பக்கிள் விட்டிட்டுது. வடிவாப் பூட்டித்தான் இருந்தது. விட்டிட்டுது" என்றான். கிறிஸ்ரினா மொழிபெயர்த்தாள். கிளடிஸ் அவன் காலைத் தடவிக்கொண்டு நின்றாள், தடவுவது அவனுக்கு உணராது என்று தெரிந்தும்.

சீமோனின் தம்பி றொபேட் மார்க்கம் நகரத்தில் இருக்கிறவன், எதையும் எடுத்தால் விடமாட்டான். பக்கிளின் படத்தை வேட்டைக்காரர்கள் கூடும் முகநூல் பக்கமொன்றில் போட்டு, இது என் அண்ணனைக் கட்டிலில் போட்ட இரும்பு என்று எழுதினான். தாங்களும் அந்தப் பக்கிளை நம்பவில்லை என்று முன்பின் தெரியாதவர்கள் கீழே எழுதினார்கள். அந்தப் பட்டியையும் பக்கிளையும் செய்து விற்றது பெரிய கொம்பனி இல்லை. இரண்டு மணித்தியாலம் வடக்கே ஒரு சின்ன ஊரில், மாக்கஸ் என்றொருவர் ஐந்து பேரை வைத்து நடத்திய தையல் பட்டறை. மாக்கஸ் விற்பனையை நிறுத்தினார். நத்தாருக்கு முன் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பினார். மாசியில், அந்தப் பட்டியை ஒருமுறை கண்ணால் பார்க்கவேண்டும், வேறொன்றும் கேட்கமாட்டேன் என்று கடிதம் எழுதினார்.

"தடயத்தை அழிக்க வாறான், விடக்கூடாது" என்றான் றொபேட். "வேண்டாம்" என்றான் சீமோனும். வரச்சொல்லச் சொன்னது கிளடிஸ்தான். தன் புருஷனின் இடுப்பை ஒடித்தவனின் முகத்தை அவளுக்குப் பார்க்கவேண்டியிருந்தது.

வந்தவர் அறுபதைத் தாண்டிய, தோள் சரிந்த மனிதர். சப்பாத்தை வாசலிலேயே கழற்றிவிட்டு, ஓட்டைக் காலுறையோடு சாப்பாட்டு மேசையில் இருந்தார். முன்னறையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சீமோன் கிடந்தான். கதவு திறந்திருந்தது. ஒரு பிளாஸ்ரிக் பைக்குள்ளிருந்து றொபேட் பட்டியை எடுத்து வைத்தான்.

மாக்கஸ் பக்கிளைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். விரலால் தடவினார். வெடிப்பில்லை, வளைவில்லை. தொடைப் பட்டிகள் இல்லாததையும் பார்த்தார். பிறகு இடுப்புப் பட்டியின் நுனியிலிருந்து ஒரு சாண் தூரத்தைக் காட்டினார். நூல் உரஞ்சிப் பளபளத்த கோடு ஒன்று நுனிவரை ஓடியிருந்தது.

"பட்டி இதற்குள்ளால் வழுக்கி வெளியே போயிருக்கிறது. பக்கிள் உடையவில்லை" என்றார் ஆங்கிலத்தில்.

பட்டியைக் கோத்து, திருப்பி இரண்டாம் தரமும் கோத்து, மாடிப்படியின் கைப்பிடிக் கட்டையில் மாட்டித் தன் முழுப் பாரத்தையும் போட்டுச் சரிந்தார். கட்டை கிறீச்சிட்டது. பட்டி அசையவில்லை. அதை உருவி, ஒருதரம் மட்டும் கோத்தார். கையால் இரண்டு தரம் இழுத்துக் காட்டினார், நின்றது. பிறகு சரிந்தார். பட்டி சீறிக்கொண்டு ஓடியது. அவர் படிக்கட்டில் குந்தி விழுந்தார்.

அந்த இரண்டு இழுப்பையும் கிளடிஸின் கை அறியும்.

"இதைக் கடைசியாகக் கழற்றிப் பூட்டியது யார்?" என்று மாக்கஸ் கேட்டார்.

"பாத்தியளே மச்சாள், அண்ணையில பழியைப் போடப் பாக்கிறான்!" என்று றொபேட் எழும்பினான்.

அப்போது முன்னறையிலிருந்து சீமோனின் குரல் வந்தது. "கிளடிஸ், இஞ்ச ஒருக்கா வாரும்."

அவள் போனாள். அவன் கண் அவளில் நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து அவன் அப்படி நேரே பார்த்ததில்லை.

"உம்மட வாயைத் திறக்காதையும்" என்றான் மெல்ல.

"உங்களுக்குத் தெரியுமோ?"

"விழேக்க கண்டனான். பட்டி நுனி என்ர கண்ணுக்கு முன்னாலதான் ஓடினது. பிறகு கிடந்து யோசிச்சன். சவுக்கார மணம் ஞாபகம் வந்திது."

"அஞ்சு மாசமா..."

"சொல்லி என்ன செய்ய? என்ர கால் வருமே? சனம் உம்மைச் சொல்லும். பிள்ளை உம்மை ஒரு மாதிரிப் பாக்கும். அந்தாள் ஆரோ, எங்கயோ இருக்கிற ஆள். போகட்டும்."

"அந்தாள் எங்கயோ இல்லையப்பா. எங்கட படியில குந்திக்கொண்டிருக்கிறார்."

அவன் அவள் கையைப் பிடிக்க எட்டினான். அவள் திரும்பி நடந்தாள். தனக்குத் தெரிந்த சலவை அறை ஆங்கிலத்தில், நான்தான் கழுவினேன், நான்தான் கழற்றினேன், நான்தான் ஒருதரம் மட்டும் கோத்தேன் என்று சொன்னாள். சொல்லும்போது கையால் கோத்தும் காட்டினாள், அவருக்கு விளங்காமல் போய்விடக்கூடாது என்று.

மாக்கஸ் சந்தோஷப்படுவார் என்று அவள் நினைத்திருந்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பட்டியின் நுனியை விரலால் மடித்துப் பார்த்தார். "நுனியை மடித்துத் தடிப்பாகத் தைத்திருந்தால் அது உருவுப்பட்டிருக்காது. எனக்கு அது தெரியும். பாரம் கூடும் என்று தைக்கவில்லை" என்றார். போகும்போது கதவடியில் நின்று முன்னறைப் பக்கம் தலையை அசைத்தார். சீமோன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக் கிடந்தான்.

றொபேட் முகநூலில் போட்ட படத்தை நீக்கவில்லை. "மச்சாள், நீங்கள் எங்களை வெக்கங்கெடுத்திப்போட்டியள்" என்று சொல்லிவிட்டுப் போனவன் பிறகு வரவேயில்லை. நடந்ததை நடந்தபடி கிறிஸ்ரினாவைக் கொண்டு எழுதுவித்து, கிளடிஸ் அதே பக்கத்தில் தன் பெயரோடு போட்டாள். எழுதும்போது பிள்ளை அழுதது. அழுதுகொண்டே, "யூ ஷுட் ஹாவ் ஆஸ்க்ட் ஹிம், அம்மா. ஒருக்காக் கேட்டிருக்கலாம்" என்றது. அதன்பிறகு கிறிஸ்ரினா கிழமைக்கு ஒருதரம் வந்து தகப்பனோடு இருந்துவிட்டுப் போகிறாள். தாய் சமைக்கிற குசினிக்குள் வருவதில்லை. மாக்கஸின் பட்டறை மூடிவிட்டது என்று யாரோ கீழே எழுதியிருந்தார்கள். கிளடிஸ் எழுதியதை எத்தனை பேர் படித்தார்களோ தெரியாது.

சீமோன் இரண்டு மாதம் அவளோடு கதைக்கவில்லை. தண்ணீர், குளிசை, திருப்பிப் படுக்கவிடும் என்பதைத் தவிர. சித்திரையில் ஒருநாள் அவன் முதுகில் புண்ணுக்கு மருந்து பூசிக்கொண்டிருந்தபோது, சுவரைப் பார்த்தபடியே சொன்னான்.

"ஒவ்வொரு முறையும் ஏற முதல் தொட்டுப் பாக்கிறனான். அண்டைக்குப் பாக்கேல்லை. இருட்டு, குளிர், அவசரம். கோத்தது நீர்தான். பாக்காமல் ஏறினது நான்."

"அந்தாளுக்கு முன்னால இதைச் சொல்லியிருக்கலாமே?"

அவள் மூடியைத் திருகி மருந்தை வைத்தாள். அவனைக் கவனமாக மறுபக்கம் புரட்டி, முழங்கால்களுக்கு நடுவே தலையணையைச் செருகினாள். விரிப்பில் மருந்து பட்டு மஞ்சளாகக் கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள். மாற்றவில்லை. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கட்டிலடியில் இருந்தாள்.