திரும்பிக் கிடந்த எழுத்துகள்

தொப்!

கனமான எதையோ நாலு பேர் சேர்ந்து தரையில் இறக்கி வைத்ததுபோல ஒரு சத்தம். சிமென்ட் மூட்டைகளுக்கு நடுவே தூங்கிக்கொண்டிருந்த குமரேசன் திடுக்கிட்டு எழுந்தான். ஷெட்டுக்கு வெளியே பொழுது விடிந்திருந்தது.

இதைக் கட்டுக்கதை என்பவர்கள் ஜமுனாமரத்தூருக்கு பஸ் ஏறட்டும். அந்த வீடும் இருக்கிறது, அந்த கான்கிரீட் பாதையும் இருக்கிறது. பார்த்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும். அவ்வளவுதான்.

குமரேசன் படவேட்டுக்காரன். கான்கிரீட் தரை போடும் கான்ட்ராக்டர். தான் போட்ட தரை நூறு வருஷம் நிற்கும் என்று யாரும் கேட்காமலே சொல்கிற ரகம். மலைக்காரர்கள் என்றால் அவனுக்கு இளக்காரம். தன்னிடம் வேலை செய்கிறவர்கள் என்றால் இளக்காரம். மலைமேல் வீடு கட்டி வேலை கொடுத்த வேலூர் மோகன் மீது அதைவிட இளக்காரம். பின்னே என்ன? வருஷத்துக்கு இரண்டு முறை வந்து போகிற காருக்காக, கேட்டிலிருந்து போர்டிகோ வரை கம்பி கட்டி ஆறு அங்குல கான்கிரீட்! அதுவும் போதாதாம். உள்ளே நுழைகிறவர்கள் படிக்கும்படி நடுக் கட்டத்தில் 'மோகன் இல்லம்' என்று முழ நீள எழுத்தில் பதிக்க வேண்டுமாம்.

"செவுத்துல எழுதினா பத்தாதா? வர்றவன் போறவன் எல்லாம் அவர் பேரை மிதிச்சுக்கினே போவணுமா?" என்று மேஸ்திரி சிங்காரத்திடம் சொல்லிச் சிரித்தபடிதான், முந்தின நாள் சாயங்காலம் அந்தக் கட்டத்தைப் போட்டு முடித்திருந்தான்.

இப்போது கண்ணைக் கசக்கிக்கொண்டு அங்கே போனான். மூடியிருந்த ஈரச் சாக்கை விலக்கினான்.

எழுத்துகள் இருந்தன... தலைகீழாக.

கேட்டிலிருந்து வருகிறவனுக்கு அல்ல, வீட்டிலிருந்து வெளியே போகிறவனுக்குப் படிக்க வசதியாக.

விரிசல் இல்லை. உடைத்து ஒட்டின தடம் இல்லை. தட்டிப் பார்த்தால் கல்.

"யோவ் சிங்காரம்! போதையில எந்தப் பக்கம் நின்னுய்யா எழுதின?"

சிங்காரம் ஓடி வந்து பார்த்தான். செல்போனை எடுத்து நீட்டினான். நேற்று எடுத்த படம். கேட்டுப் பக்கமிருந்து எடுத்தது. எழுத்துகள் நேராக இருந்தன. அதற்குப் பின்னால் இடுப்பில் கை வைத்தபடி நின்றவன் குமரேசனேதான்.

"செல்போன்ல எதை வேணா திருப்பலாம். எனக்கே காது குத்தாத. ஒடை!"

காது குத்து என்று வாயில் வந்ததும்தான் அவனுக்கு ஞாபகம் வந்தது. மறுநாள் காலையில் படவேட்டில் அவன் மகள் நதியாவுக்குக் காது குத்து. மோகனும் மறுநாள்தான் சொந்தக்காரர்களோடு வருகிறார். பெயர் தலைகீழாகக் கிடந்தால் மனுஷன் ஊரைக் கூட்டுவார். எழுத்தைச் சரிசெய்துவிட்டு இன்றே மலை இறங்க வேண்டும்.

அதற்குள் மனைவி சிவசங்கரியின் போன்.

"எங்கண்ணன் சீரோட வந்து எறங்கியாச்சு. ஆனா இவ, மாமன் மடி வேணாம், அப்பா மடிதான் வேணும்னு ஒரே அழுகை. வர்றீங்களா, இல்ல அந்த மலைக்கே தாலி கட்டிட்டீங்களா?"

"வெளக்கு வெக்கறதுக்குள்ள வூட்டுல இருப்பேன்டி."

சம்மட்டி அடி மலை முழுக்க எதிரொலித்தது. அந்த வீட்டின் வாட்ச்மேன் கருப்பன், மலைக்காரர், புளியமரத்தடியில் நின்று வேடிக்கை பார்த்தார்.

"எத்தினி தபா ஒடைச்சு ஊத்தினாலும் அந்த எடம் கேக்காது கான்ட்ராக்டரே."

"நீ போய் சாமைக்குக் களை வெட்டுய்யா. கான்கிரீட்டப் பத்தி உனுக்கு இன்னா தெரியும்?"

கருப்பன் கோபப்படவில்லை. பொக்கை வாயால் சிரித்துவிட்டு, பாதையில் கால் வைக்காமல் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போனார்.

மத்தியானத்துக்குள் புதுக் கலவை ஊற்றி, மட்டம் அடித்து, எழுத்தைப் பதித்தாகிவிட்டது. இந்த முறை எழுதியது குமரேசன். சிங்காரமும் ஆட்களும் அடுத்த பஸ்ஸுக்கே மூட்டை கட்டினார்கள்.

"இறுகற வரைக்கும் காவல் இருங்கய்யா."

"நீங்களே இருங்க. எங்களுக்குப் புள்ளகுட்டி இருக்குது."

"தூ! பயந்தாங்கொள்ளிப் பசங்களா!"

குமரேசன் கலவையின் இரு பக்கமும் அடித்திருந்த ஓரப் பலகைகளின் மேல் குறுக்காக ஒரு பலகையைப் போட்டான். ஈர எழுத்துகளுக்கு நேர் மேலே, கேட்டைப் பார்த்து உட்கார்ந்தான். எவன் வந்து திருப்புகிறான் என்று பார்த்துவிடலாம்.

பொழுது இறங்கியது. மலையிலிருந்து பனி மூட்டம் வந்து கேட்டை மூடியது. எழுத்துகள் நேராகவே இருந்தன. இன்னும் கொஞ்ச நேரம். கிளம்பிவிடலாம்.

அப்போதுதான் கேட்டது...

காலடிச் சத்தம். செருப்பில்லாத கால்கள். ஒன்றல்ல, இரண்டல்ல. கேட்டுப் பக்கமிருந்து வந்தன.

கேட் பூட்டியிருந்தது.

"எவன்டா அது?"

பாரம் சுமப்பவர்களின் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும்... பக்கத்தில்... இன்னும் பக்கத்தில்...

தொப்!

பலகை அதிர்ந்தது.

கால்கள் அவனைச் சுற்றி நகர்ந்தன. சரக்... சரக்... சரக்...

பிறகு நின்றன.

பனி விலகியது.

எதிரே கேட் இல்லை. வீடு இருந்தது.

அவன் எழுந்திருக்கவே இல்லை.

ஈர கான்கிரீட்டில் ஒரு கால் தடம்கூட இல்லை.

எழுத்துகளைப் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை. கேட்டைத் திறந்துபோட்டுவிட்டு ஓடினான். வெளியே நின்ற பைக்கை உதைத்தான். ஒரே பாதைதான், கீழே இறங்க வேண்டியதுதான். ஒரு வளைவு, இன்னொரு வளைவு. தூரத்தில் அடிவாரத்து விளக்குகள் தெரிந்தன. அப்பாடா என்று கடைசி வளைவில் திரும்பினான்.

ஹெட்லைட் வெளிச்சத்தில் ஒரு கேட்.

மோகன் வீட்டு கேட்.

எங்கோ தப்பாகத் திரும்பிவிட்டேன் என்று தன்னையே திட்டிக்கொண்டான். மறுபடி இறங்கினான். அதே வளைவுகள். அதே விளக்குகள்.

அதே கேட்.

இன்னொரு முறை.

அதே...

போன் அடித்தது. நதியா.

"அப்பா, எங்கப்பா இருக்க?"

"வந்துட்டேன் கண்ணு..." லைன் அறுந்தது.

கேட்டோரம் டார்ச் வெளிச்சம். கருப்பன் நின்றிருந்தார்.

"இன்னா கான்ட்ராக்டரே, போய்ட்டுப் போய்ட்டு இங்கயே வர்றீங்க? ஒங்க வூட்டை இந்தப் பக்கம் மாத்திட்டாங்களா?"

குமரேசன் பைக்கைப் போட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டான். வாழ்நாளில் முதல் முறையாக ஒரு மலைக்காரரிடம் அவனுக்கு மரியாதை வந்தது.

"சொல்லுங்க... பாதை போடறதுக்கு முன்னாடி அங்க இன்னாங்க இருந்துச்சு?"

கருப்பன் டார்ச்சை அவன் முகத்தில் அடித்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"பொணத்தைக் கொண்டுபோறப்போ பாடையை எறக்கி, தலைமாடு கால்மாடு திருப்பித் தூக்கற எடமுங்க அது... அங்க வெச்சுத் திருப்பிட்டா, அப்புறம் அதுக்கு வூட்டுக்கு வழி தெரியாது."