யாரும் கேட்காத பதினொன்றாம் வகுப்பு மார்க்

டெல்லியில் படிக்கிற பிள்ளைகளுக்குப் பதினொன்றாம் வகுப்பு ஓய்வெடுக்கிற வருஷம். பத்தில் உயிரைக் கொடுத்துப் படித்தாயிற்று, பன்னிரண்டில் மறுபடி கொடுக்க வேண்டும், நடுவில் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள் என்று டியூஷன் சார் முதல் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி வரை எல்லோரும் சொன்னார்கள். மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் அப்பா சொல்வதோடு நிற்கவில்லை.

அந்த வருஷம் மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலுக்குப் போயே தீர வேண்டும் என்றார். அரசாங்கச் செலவில் ஊருக்குப் போய்வரும் எல்.டி.சி.யை அப்போது எடுக்காவிட்டால் வீணாகிவிடுமாம். ஆண்டுப் பரீட்சை வருகிறதே என்றேன்.

“பதினொண்ணாப்பு மார்க்கை எந்தக் காலேஜ்லம்மா கேக்கப் போறாங்க? ஜல்தியா பேக் பண்ணு.”

விருதுநகர் பக்கத்தில் ஒரு கண்மாய்க்கரையில் சாமி கும்பிட்டு, கிடா வெட்டி, ரயிலில் கசங்கித் திரும்பி, தூக்கக் கலக்கத்தோடு கணக்குப் பரீட்சை எழுதினேன். ஏதோ பாஸ். அப்பாவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

அடுத்த மாதமே ஊரடங்கு. பன்னிரண்டாம் வகுப்பு முழுவதையும் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில், குக்கர் விசிலுக்கு நடுவே, அம்மாவின் போனில் படித்தேன். டீச்சரின் முகம் அப்படியே நின்றுவிடும், குரல் மட்டும் விட்டுவிட்டு வரும். ஆனாலும் வெறியோடு படித்தேன். டெல்லி பல்கலைக்கழகம், நார்த் கேம்பஸ், எகனாமிக்ஸ் ஆனர்ஸ். அதைத் தவிர வேறெதுவும் எனக்கு வேண்டாம். பொதுத்தேர்வைத் தள்ளிவைத்தார்கள். சரியென்று மறுபடி முதலிலிருந்து படித்தேன். பிறகு ரத்து என்று சொல்லிவிட்டார்கள்.

பரீட்சை இல்லாமல் மார்க் எப்படிப் போடுவார்கள்? பத்தாம் வகுப்பு மார்க், பன்னிரண்டில் பள்ளிக்கூடமே வைத்த தேர்வுகள், அவற்றோடு பதினொன்றாம் வகுப்பு ஆண்டுப் பரீட்சை மார்க்கையும் சேர்ப்பார்களாம். டிவியில் இதைச் சொன்னபோது அப்பா ரிமோட்டைத் தேடுகிற மாதிரி சோபாவுக்கு அடியில் குனிந்துகொண்டார்.

பள்ளிக்குப் போன் செய்தேன். “பேட்டா, எல்லாருக்கும் இதே ரூல்தான்” என்று டீச்சர் வைத்துவிட்டார். நான் தயாராக இருந்த பரீட்சையை யாரும் வைக்கவே இல்லை. அரைத் தூக்கத்தில் எழுதியதை மட்டும் தோண்டியெடுத்துப் பார்த்தார்கள். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

கல்லூரிகளின் கட்-ஆஃப் பட்டியல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எதற்குமே என் மார்க் எட்டவில்லை. கடைசிப் பட்டியல் வந்த அன்று கத்திவிட்டேன்.

“உங்க எல்.டி.சி.யும் உங்க சாமியும்! என்னை எதுக்குப்பா அன்னைக்கு இழுத்துட்டுப் போனீங்க?”

அப்பா, “உனக்காகத்தாம்மா போனேன். நார்த் கேம்பஸ்ல உனக்கு சீட்டு கெடைக்கணும்னு வேண்டிக்கிட்டுத்தான் அந்தக் கிடாயே வெட்டுனது” என்றார்.

அப்போது எனக்கென்று மிச்சமிருந்தது அவர் மேலிருந்த கோபம் ஒன்றுதான். மனுஷர் அதையும் என்னை நிம்மதியாகப் பட விடவில்லை.