அடம்பன் மேசையில் கொத்தான்

எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புது உயிரியல் டீச்சராய் அவள் வந்த நாளில் இருந்தே எனக்கு அவளைக் கண்ணில் காட்டக் கூடாது. பொச்சரிப்புத்தான், பொறாமைதான், வேறென்ன. நான் ஆசிரிய கலாசாலையில் படித்து, பிறகு தபாலில் பட்டம் எடுத்தவள். அவள் தாவரவியலில் சிறப்புப் பட்டம். நான் படிப்பித்தால் பெட்டையள் கொட்டாவி விடுவார்கள், அவள் படிப்பித்தால் பக்கத்து அறைவரை சிரிப்புக் கேட்கும். அது பொறுக்காமல் நான் ஜன்னலைச் சாத்திவிடுவேன்.

உயர்தர உயிரியல் வகுப்பு பல வருடங்களாக என் கையில்தான் இருந்தது. அடுத்த வருடம் எனக்கா அவளுக்கா என்பதை, பள்ளிக்கூடத் தாவரக் கண்காட்சி முடியச் சொல்கிறேன் என்றார் அதிபர்.

கண்காட்சியில் ஆளுக்கொரு மேசை. என் மேசைக்கு அடம்பன் குடும்பத்தை எடுத்தேன். கடற்கரை அடம்பன், இலையை வறை வறுத்துச் சாப்பிடுகிற முசுட்டை, சக்கரவள்ளி என்கிற வத்தாளங்கிழங்கு, தரையோடு கிடக்கிற விஷ்ணுகிராந்தி. ஐந்து இதழும் ஒட்டிப் புனலாய் விரிகிற பூக்கள். பூக்கும் தாவரங்களில் இவற்றுக்குக் கூடப்பிறந்த குடும்பம் எது என்றால், எங்கள் தோட்டத்துப் புகையிலை, மிளகாய், கத்தரி. அந்த உறவை மட்டையில் கோடு போட்டுக் காட்டினேன். பார்த்தவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள்.

நான் உடுப்பிட்டியாள், கடலைத் தள்ளி நின்று பார்க்கிற ஆள். அடம்பன் பிடுங்கப் போன இடத்தில், அதன் மேலேயே இலையில்லாத மஞ்சள் நூலாய்க் கொத்தான் படர்ந்து கிடந்தது. புத்தகத்தில் அடம்பன் குடும்பத்தின் கீழே போட்டிருக்கிற ஒட்டுண்ணிக் கொடியின் படம் அச்சு அசலாய் இதுதான். இதுவும் அந்தக் குடும்பம்தானே என்று அள்ளிக்கொண்டு வந்து, பெயர் எழுதி ஒட்டினேன்.

கண்காட்சிக்கு முதல்நாள் பின்னேரம் அவள் என் மேசையடிக்கு வந்தாள். அவளுடையது கடற்கரைக் குடும்பம், தகப்பன் கடல் தொழில்.

"டீச்சர், கொத்தான் இந்தக் குடும்பம் இல்லை. பூவை ஒருக்கா லென்ஸிலை பாருங்கோ. எங்கடை வாசலிலை கிடக்கிற சாமான், எனக்குத் தெரியும்."

"நீர் உம்மடை மேசையைப் பாரும்," என்றேன்.

அவள் போனதும் பார்த்தேன். மூன்று சின்ன இதழ், மூன்று பெரிய இதழ். அடம்பன் குடும்பத்தில் எங்கே ஆறு இதழ்? பிழை என் பிழைதான். ஆனால் பெயர் மட்டையைக் கழற்றினால் அவள் வென்றுவிடுவாளே! கோதாரி விழுந்த கொத்தான் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் கல்வி அலுவலகத்தில் இருந்து ஒரு பணிப்பாளர் வந்தார், முன்பு தாவரவியல் படிப்பித்தவர். என் மேசையில் குனிந்து வாசித்தார்.

"கொத்தானை ஆர் இதுக்குள்ளை வைச்சது? இது கறுவாப்பட்டை மரத்தின்ரை இனமெல்லே?"

நான் மேசைச் சீலையின் ஓரத்தை இழுத்து இழுத்து விட்டேன். அதிபர் என்னைப் பார்த்தார். பெட்டையளும் பார்த்தார்கள்.

"நான்தான் சேர் வைச்சனான்," என்றாள் அவள் பக்கத்து மேசையில் இருந்து. "டீச்சர் வேண்டாமெண்டுதான் சொன்னவ."

"பூவைப் பாராமல் பெயர் எழுதலாமோ, தங்கச்சி? உதையே பிள்ளையளுக்குப் படிப்பிக்கப் போறீர்?"

அவள் தலை குனிந்துகொண்டாள். அவளுக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நின்ற பெட்டையள் எல்லாரும் வாய் மூடிவிட்டார்கள். வாயைத் திறந்து ஒரு சொல் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை.

அன்றைக்கே அதிபர் வகுப்பை எனக்கு என்று சொல்லிவிட்டார். தன் மேசைப் போத்தல்களைக் கழுவிக்கொண்டு நின்றவளிடம் போனேன்.

"ஏன் அப்பிடிச் சொன்னீர்?"

"நீங்கள் மேசைச் சீலையை இழுத்து இழுத்து விட்டனீங்கள், டீச்சர். எனக்குப் பார்க்கேலாமல் கிடந்தது."

அவ்வளவுதான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. ஒரு சொல்லாவது குத்தியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

அவளுடைய பட்டத்துக்கு எரிந்தேன், கெட்டித்தனத்துக்கு எரிந்தேன். அதெல்லாம் முயன்றால் எனக்கும் வரும் என்று மனதைத் தேற்றலாம். அந்த மனம் எனக்கு எங்கே வரப் போகிறது? இப்போது அதற்குத்தான் கூடுதலாய் எரிகிறது, சீ!

இந்த வருடமும் உயர்தர வகுப்பு எனக்குத்தான். அவள் ஒன்பதாம் வகுப்புக்குப் படிப்பிக்கப் போகிறாள். அதிபரின் அறை என் வகுப்பில் இருந்து பத்து அடிதான். உண்மையைச் சொல்ல இன்னும் நான் போகவில்லை.