இரண்டு பொட்டலத்திலும் வெள்ளரளி

கோயிலில் நான் கள்ளாட்டம் ஆடினேன். அம்மன் காலடியில் வைத்த இரண்டு பொட்டலங்களிலும் வெள்ளைப் பூவையே வைத்துக் கட்டினேன். கை தவறியதல்ல. தெரிந்தேதான் கட்டினேன்.

பூப்போட்டுப் பார்ப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு பொட்டலத்தில் வெள்ளை, இன்னொன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் செய். சிவப்பு வந்தால் விடு. மல்லிகையென்றால் வாசம் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் எங்கள் ஊரான எரியோட்டில் வீட்டார் அரளிதான் வைப்பார்கள். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிப்பதில்லை. அப்படியே கிணற்றில் போட்டுவிடுவோம். அந்த வழக்கம்தான் எனக்குத் துணிவு தந்தது... எழுதவே கூசுகிறது!

அன்று அம்மனிடம் கேட்ட கேள்வி இதுதான்: அக்கா தன் புருஷனிடம் திரும்பிப் போகலாமா?

மாமா நிலக்கோட்டையிலிருந்து சென்னைக்குப் பூ வேன் ஓட்டுபவர். பூவை இறக்கிய கையோடு குதிரைப் பந்தயத்துக்குப் போய்விடுவார். பந்தயம் இல்லாத நாளில் செல்போனில் சூதாட்டம். சொந்த வேன் கைமாறி, அதே வேனுக்கு அவர் சம்பள டிரைவர் ஆனபோது, அக்கா கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

நான் திண்டுக்கல்லில் சட்டம் படிக்கிறேன். அந்த நேரம் பார்த்து எனக்கு விவாதப் போட்டிப் பைத்தியம். தலைப்பு: குதிரைப் பந்தயத் திடல்களில் லாட்டரி ஆட்ட எந்திரங்களைச் சட்டப்படி அனுமதிக்கலாமா? வெளிநாடுகளில் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் திரையில் படங்கள் சுழன்று நிற்கும். அதிர்ஷ்டம் விழும், அல்லது விழாது. அனுமதிக்கலாம் என்பது என் கட்சி. தடுத்தால் ஒளிந்து ஆடுவார்கள். அனுமதித்து, எந்திரத்தைத் திறந்து சோதித்து, ஆளுக்கொரு வரம்பு வைத்தால் அடங்கும். ‘என்னை உள்ளே விடாதீர்கள்’ என்று ஆடுபவனே பெயர் கொடுத்து விலகவும் வழி வேண்டும். இந்தக் கடைசி யோசனைமேல் எனக்குக் காதலே வந்துவிட்டது!

குழந்தையைப் பார்க்க வந்த மாமாவிடம் எல்லாவற்றையும் படபடவென்று ஒப்பித்தேன். அவர் கைதட்டிச் சிரித்தார்.

“ஏ வக்கீலம்மா, அம்புட்டு நல்ல சட்டமா? மொதப் பேரா என் பேர எழுதிக்க. நான்தான் விட்டுட்டேனே தாயி! உங்கக்காகிட்ட ஒரு வார்த்த சொல்லேன்.”

நம்பினேன். இல்லை... நம்ப வேண்டியிருந்தது. மனிதனுக்கு வரம்பு கட்டலாம் என்று மேடையில் முழங்கப் போகிறவளுக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு சான்று! அதை விட மனம் வருமா?

அக்கா மசியவில்லை. “அந்தாளு சத்தியத்த வச்சு சோத்துக்கு ஒரு வெஞ்சனம்கூட வைக்க முடியாது. ஆத்தா சொல்லட்டும், போறேன்” என்றாள். பொட்டலம் கட்டும் வேலை என்னிடம் வந்தது.

கோயிலில் செத்த நேரம் கண்ணை மூடி நின்ற அக்கா, இடப்பக்கத்துப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். பூசாரி பிரித்தார்.

“வெள்ள தாயி! யோசிக்காத, கெளம்பு!”

அம்மா சந்தோஷத்தில் அழுதாள். அக்கா அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். நான் மற்றப் பொட்டலத்தை அவசரமாக எடுத்துப்போய்க் கிணற்றில் எறிந்தேன்.

அடுத்த வாரம் மேடையேறினேன். “எந்திரத்துக்குள் ஒரே விடையை ஒளித்துவைத்து, அதை அதிர்ஷ்டம் என்று விற்பவன்தான் குற்றவாளி!” என்றேன். அரங்கம் அதிர்ந்தது. சொன்னது என் வாய்தானே? நாக்கு ஏன் புரளவில்லை? பரிசுக் கோப்பையை மாமா ஓட்டும் வேனிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

பொங்கல் வரை மாமா ஒழுங்காக இருந்தார். அப்புறம் பழைய கதை. போன வாரம் குழந்தைக்குக் காது குத்திப் போட்ட தோட்டைக் காணோம். தூங்குகிற பிள்ளையின் காதிலிருந்து கழற்றியிருக்கிறார்!

“வந்துருக்கா” என்று போனில் கெஞ்சினேன்.

“எப்பிடிடி வர்றது? ஆத்தா போகச் சொல்லி வந்தவ நான். அவ வரச் சொல்லட்டும், வாரேன்.”

அவளை அங்கே கட்டிப்போட்டிருப்பது அந்தப் பொட்டலத்தில் நான் சுற்றிய வாழைநார்!

சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்கிறீர்களா? தொண்டை வரை வருகிறது... சொன்னால் அவளுக்கு ஆத்தாவும் இல்லை, தங்கையும் இல்லை. இப்படியொரு காரணத்தை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உள்ளே இருப்பது வெறும் பயம்.

இன்று காலை அவளே அழைத்தாள்.

“நாளைக்கு வெள்ளிக்கெழம வாரேன். அங்கனயே இருக்கவான்னு இன்னொரு தடவ கேட்டுப் பாப்போம். நீயே கட்டு புள்ள, ஒன் கைக்குத்தான் ஆத்தா எறங்குறா.”

வெயில் தாழ்ந்ததும் பூப்பறிக்கப் போனேன். வேலியோரம் இரண்டு அரளியும் பக்கம் பக்கமாகப் பூத்து நிற்கின்றன. இந்த முறை நேர்மையாக வெள்ளையில் ஒன்று, சிவப்பில் ஒன்று என்று நினைத்துத்தான் போனேன். சத்தியமாக! ஆனால், வெள்ளை வந்துவிட்டால்? அந்தப் பிள்ளை...?

இப்போது என் மடியில் இரண்டு இலைத் துண்டுகள், நனைத்த நார், பறித்து வந்த பூக்கள்.

எல்லாமே சிவப்பு.