கடல் மணல் பூசிய சுவர்

ரீச்சர் எனக்குத் தந்த படத்தில் ஒரு வெள்ளைக்காரரின் வரவேற்பறை இருந்தது. வெள்ளைச் சோபா, வெள்ளைக் கம்பளம், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, கண்ணாடிக்கு அப்பால் பனி. இதை வைத்துக்கொண்டு ஜெயபுரத்து வெயிலில் நான் என்ன செய்வது? எனக்குக் கோபம்தான் வந்தது.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. உயர்தர வகுப்பில் மனைப்பொருளியல் படித்துக்கொண்டிருந்தேன். அதில் உள்ளக அலங்காரம் என்று ஒரு பகுதி. ரீச்சர் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். உடுப்பைக் குறைத்துப் புத்தகங்களைக் கட்டிக்கொண்டு வந்த ஆள். அவரிடம் ஒரேயொரு வெளிநாட்டுச் சஞ்சிகை இருந்தது. அதன் பக்கங்களைக் கழற்றி, வகுப்பில் இருந்த ஒன்பது பேருக்கும் ஆளுக்கொரு படம் கொடுத்தார். எனக்கு வந்து வாய்த்தது பனி.

"படத்தைக் கொப்பி அடிக்கிறேல்லை," என்றார். "அந்த அறைக்குள்ளை போய் இருந்தால் உங்களுக்கு எப்பிடி இருக்கும் எண்டு யோசியுங்கோ. பிறகு அதே மாதிரி இருக்கிற ஒரு அறையை உங்கட வீட்டிலை செய்யுங்கோ. கடையிலை ஒண்டும் வாங்கக் கூடாது."

வாங்கக் கூடாது என்றதும் வகுப்பே சிரித்தது. யுத்தத் தடையால் வன்னிக்குள் சீமெந்து வராது, பெயின்ற் வராது, ஆணிகூடத் தவம் கிடந்தால்தான் கிடைக்கும். ரீச்சரும் சேர்ந்து சிரித்தார். பிறகு, மூன்று மாதத்தில் கிளிநொச்சியிலிருந்து ஒரு பரீட்சகர் வீடு வீடாக வந்து புள்ளி போடுவார் என்று சொல்லிச் சிரிப்பை நிறுத்தினார்.

அறையைச் செய்வதற்கு முன் ஒரு மாதிரிப் பலகை செய்ய வேண்டும். அறைக்கு என்னென்ன நிறம், என்னென்ன பொருள், எல்லாவற்றிலும் ஒரு துண்டை ஒரே மட்டையில் ஒட்டிக் காட்ட வேண்டும். இப்போது என்னோடு வேலை செய்யும் பிள்ளைகள் இதை மூட் போர்ட் என்று கணினியில் ஒரு மணித்தியாலத்தில் செய்துவிடுகிறார்கள். நான் நிவாரண பிஸ்கற் பெட்டியை வெட்டி, கூப்பனுக்குக் கிடைத்த மாவில் பசை காய்ச்சி, ஒரு மாதம் மினக்கெட்டேன்.

அந்த ஒரு மாதத்தில் பாதி, வெறும் மட்டையைப் பார்த்துக்கொண்டிருந்ததில் போயிற்று. பனி அறைக்குள் போய் இருந்தால் எப்படி இருக்கும்? குளிரும். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒரு நாள் பின்னேரம் படத்தை மடியில் வைத்துக்கொண்டு முற்றத்தைப் பார்த்தேன். அம்மா வேப்பமரத்தடியில் கவிழ்த்து வைத்த வாளியின் மேல் இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அம்மா எப்போதும் அங்கேதான் இருப்பார். சமைக்கவும் படுக்கவும் மட்டும் உள்ளே வருவார். வீட்டுக்குள் ஆறுதலாக இருந்து ஒரு கதை கதைத்து நான் கண்டதில்லை. படத்தில் சோபாவில் இருந்த பெண்ணைத் திரும்பவும் பார்த்தேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டு இருந்தாள். எழும்பி ஓடுகிற எண்ணம் அவளுக்குத் துளியும் இல்லை. எனக்கு வேண்டியது அதுதான் என்று அப்போது விளங்கியது.

நாங்கள் முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடித்து வாழ்ந்த கத்தோலிக்கர், ஊர்ப் பேச்சில் வேதக்காரர். கொக்கிளாயில் பிறந்து, சண்டையால் அங்கிருந்து எழும்பி, பிறகு இருந்த இடங்களிலிருந்தும் எழும்பி, ஜெயபுரத்துக்கு வந்து இரண்டு வருடமாகியிருந்தது. அப்பா மேற்குக் கரையில் வேறொருவரின் வள்ளத்தில் தொழில் செய்து, சனிக்கிழமைகளில் சைக்கிளில் வருவார். வீடு மண் வீடு. முன்னறையையும் உள்ளறையையும் பிரிக்கிற சுவர் மட்டும் முழு உயரம். மற்றவை அரைச்சுவரும் தென்னோலைக் கிடுகும். உள்ளறை மூலையில் ஒரு றங்குப் பெட்டி இருந்தது. இரண்டு வருடமாகத் திறக்கவில்லை. அதற்குள் அம்மாவின் கலியாணச் சேலை, நல்ல கோப்பைகள், மேசைவிரிப்பு, எல்லாவற்றுக்கும் நடுவில் போர்வையில் சுற்றிய திருஇருதயப் படம்.

"எங்கட சொந்தச் சுவரிலைதான் ஆண்டவரைக் கொழுவுவன்," என்பது அம்மாவின் பிடிவாதம். "இது நாங்கள் ஒதுங்கின இடம். நாளைக்கு எழும்பு எண்டால் எழும்ப வேணும்."

அதனால் எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு கலண்டர்கூட இல்லை. அந்தப் பெட்டியைத் திறக்க வைக்கிற ஒரு அறையைச் செய்வதென்று நான் முடிவெடுத்தேன். புள்ளி இரண்டாம் பட்சம். ரீச்சரிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயம்.

அதற்குப் பிறகு மட்டை தானாக நிரம்பத் தொடங்கியது. மாப் பைத் துணியைப் பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறவைத்தேன். பருத்தி வலைக் காலத்தில் எங்கள் ஆட்கள் வலைக்குப் போட்ட சாயம் அது. தேயிலைச் சாயம் போல ஒரு கபில நிறம் வந்தது; திரைக்கு அது. புற்றுமண்ணில் ஒரு சிவப்பு, அடுப்புக்கரியில் ஒரு கறுப்பு. பனையோலையில் ஒரு துண்டு பாய், பழைய வலையில் ஒரு சாண். எல்லாவற்றையும் ஒட்டிவிட்டுத் தள்ளிவைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது. மட்டையில் வீட்டின் படத்தைக் கீறும்போது, குண்டு விழுந்தால் பதுங்க முற்றத்தில் வெட்டியிருந்த பங்கரையும் கீறினேன். அதற்கு மட்டும் நிறம் தெரிவு செய்யவில்லை.

ஒன்றுதான் குறை. படத்தில் இருந்த வெள்ளை என் மட்டையில் இல்லை. யோசித்து யோசித்து எனக்குக் கிடைத்தது மணல். எங்கள் கரையில் யேசு பிறந்த நத்தாருக்கு முதல் கிழமை வீட்டுக்கு வீடு கடற்கரை மணலை அள்ளிவந்து முற்றத்தில் பரப்புவோம். கால் வைக்க மனம் வராத வெள்ளையாக இருக்கும். மணல் பரப்பிய முற்றத்தைக் கண்டால் அம்மாவின் முகமே மாறிவிடும். அந்த மணலைக் குழைத்துச் சுவரில் பூசினால்?

அப்பாவிடம் ஒரு உரப்பை மணல் கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை, சைக்கிள் கரியரில் மணல் மூட்டையைக் கட்டி, அந்தக் கிடங்கும் பிட்டியுமான பாதையில் பாதி உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். அவர் போட்டிருந்த சேட்டைப் பிழிந்தால் ஒரு செம்பு வியர்வை வந்திருக்கும்.

சாந்து குழைக்க அடுத்த வளவுத் தோழி வந்தாள். என்னோடு படிப்பவள்தான். அவளுடைய ஆட்கள் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து, காடு வெட்டி, இந்த மண்ணில் வேரோடிவிட்டவர்கள். மண் மிதிப்பதில் அவளுக்கு நிகர் அவள்தான். மணலைக் கையில் அள்ளிப் பார்த்தாள்.

"ஏன்டி, ஆத்து மணலு இங்கனயே கெடக்குதே. இத போயி எதுக்கு அங்கருந்து கொண்டாந்தீங்க?"

"உங்கட ஆத்து மணல் மண்ணிறம். இது வெள்ளை," என்றேன் நான், கொஞ்சம் மிடுக்காக.

அவள் தோளைக் குலுக்கிவிட்டு மிதிக்கத் தொடங்கினாள். சீமெந்து இல்லாததால் பிடிப்புக்கு என்ன செய்யலாம் என்று யோசித்து, நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். மூன்று நாள் கஞ்சித் தண்ணீரைச் சேர்த்து வைத்துச் சாந்தில் ஊற்றினேன். சாந்து கையில் வெண்ணெய் மாதிரி வந்தது. நடுச்சுவர் முழுக்கப் பூசி, தேங்காய்ச் சிரட்டையால் தேய்த்து விட்டோம். காய்ந்ததும் சுவர் மெல்லிய வெள்ளையில் மின்னியது. அம்மா கேத்திலோடு உள்ளே வந்தவர், நின்று, விரலால் சுவரைத் தொட்டுப் பார்த்தார்.

"எங்கட கரை மணல் மாதிரிக் கிடக்கு," என்றார்.

"கடல் மணல்தான் அம்மா. அப்பா கொண்டுவந்தது."

கேத்திலோடு வெளியே போய் வாளியில் இருந்துகொண்டார். எனக்குப் பெருத்த ஏமாற்றம். ஆனால் போகும்போது வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்ததை நான் கண்டேன்.

பரீட்சகர் வருகிற திங்கட்கிழமை வந்தது. ரீச்சரும் அவரும் பத்து மணிக்கு வருவார்கள். அப்பா விடியலிலேயே கரைக்குப் போய்விட்டார். நானும் அம்மாவும் பொதுக்கிணற்றுக்குத் தண்ணீருக்குப் போனோம். அவசரத்தில் வேலிப் படலையைச் சாத்தாமல் போனது நான்தான். அம்மா அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

திரும்பி வந்தபோது முன்னறைக்குள் தோழியின் பசு நின்றது. என் கபில நிறத் திரை அதன் கழுத்தில் கிடந்தது. அது எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு என் வெள்ளைச் சுவரை நக்கிக்கொண்டிருந்தது. ஆற அமர, ருசித்து ருசித்து. அதன் நாக்கு எட்டிய இடத்தில் சாந்து கரைந்து, உள்ளே கறுப்புக் களிமண் ஒரு பெரிய தட்டளவு தெரிந்தது.

தோழி கயிற்றோடு ஓடிவந்தாள். மாட்டைப் பிடித்து இழுத்தவள், சுவரில் விரலை வைத்து நாக்கில் தொட்டாள்.

"உப்புடி," என்றாள். "கடல் மணல கழுவாமயா பூசுன? அதுல கஞ்சி வேற ஊத்தியிருக்க. மாட்டுக்கு நீ சோறுல்ல போட்டு வச்சிருக்க."

கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்குக் கடல் மணல் உப்பு என்று தெரியவில்லை. எங்கள் வீடுகளில் மணலை முற்றத்தில் பரப்புவோம், யாரும் சுவரில் பூசுவதில்லை. மாடும் எங்களுக்குப் பழக்கமில்லை. நான் அப்படியே நிலத்தில் குந்தி அழத் தொடங்கினேன். பூசிக் காயவைக்க நேரமில்லை. மூன்று மாத வேலையைப் பத்து நிமிடத்தில் ஒரு பசு தின்றுவிட்டுப் போகிறது.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். வாயைச் சேலைத் தலைப்பால் பொத்தியும் அடங்காமல், கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஜெயபுரத்துக்கு வந்து அம்மா அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

"கொப்பர் சைக்கிள் உழக்கி உழக்கிக் கொண்டுவந்த கடலெல்லாம் மாடு நக்கிப்போட்டுது," என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எழும்பு பிள்ளை. அந்தச் சுத்தியலை எடுத்து வா," என்றார்.

உள்ளறையில் றங்குப் பெட்டியின் மூடி கிறீச்சிட்டது. நான் சுத்தியலோடு போனபோது அம்மா போர்வையைப் பிரித்துக்கொண்டிருந்தார். திருஇருதயப் படத்தின் கண்ணாடியில் மூலையில் ஒரு வெடிப்பு. மற்றபடி அப்படியே இருந்தது. ஆணி வேண்டுமே என்று நான் முழிக்க, அம்மா பெட்டிக்குள் கைவிட்டு, பழைய வீட்டுச் சுவரிலிருந்து கழற்றிய அதே ஆணியை எடுத்தார். துணியில் முடிந்து வைத்திருந்திருக்கிறார். ஓட்டைக்கு மேலே ஆணியை அடித்துப் படத்தைக் கொழுவினோம். மாடு தின்ற இடம் முழுதாக மறைந்தது. ஆனால் மாட்டின் வாய் எட்டிய உயரம் அது. ஆண்டவர் என் இடுப்பளவில் இருந்தார்.

பரீட்சகர் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. மட்டையைப் பார்த்தார், சாயத்தை முகர்ந்தார், திரையை ஏன் கழுவிக் கொடியில் போட்டிருக்கிறேன் என்று கேட்டார். நான் ஏதோ உளறினேன். கதிரை இல்லாததால் பாயில் இருந்தார். இருந்ததும் படம் அவருடைய முகத்துக்கு நேரே வந்தது.

"ரீச்சர், இதுதான் சரி," என்றார் ரீச்சரிடம் திரும்பி. "எல்லாரும் படத்தைக் கூரை மோட்டுக்குக் கிட்டக் கொழுவுவினம். பாயிலை இருக்கிற ஆக்களுக்கு எது கண் உயரம் எண்டு இவா யோசிச்சிருக்கிறா."

வேலிக்கு அப்பால் தோழி இருமுவது கேட்டது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நான் வாயைத் திறந்தேன். கள்ளம் சொன்னால் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்புகிற அம்மா, பின்னால் நின்று என் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினார். நான் வாயை மூடிக்கொண்டேன். வகுப்பில் கூடிய புள்ளி எனக்குத்தான்.

சனிக்கிழமை அப்பா வந்து, வாசலிலேயே படத்தைக் கண்டு, குனிந்து சிலுவை அடையாளம் போட்டார். கதையைக் கேட்டுவிட்டு, "நான் முத்தத்திலை பரப்ப எண்டெல்லோ நினைச்சன்," என்று மட்டும் சொன்னார். அந்தக் கிழமையே தோழியும் நானும் ஆற்று மணல் அள்ளிவந்தோம். கஞ்சி இல்லாமல், வெட்கத்தோடு குழைத்தோம். ஓட்டையை மூடிவிட்டுப் படத்தை மேலே ஏற்றலாம் என்று நான் கழற்றப் போனேன்.

"விடு, அதிலை தொடாதை," என்றார் அம்மா.

"ஓட்டையை அடைக்க வேணும் அம்மா. பிறகு உயரத்திலை கொழுவலாம், வாறவை போறவை எல்லாரும் குனிய வேண்டிக் கிடக்கு."

"குனியட்டும். ஓட்டை கிடந்தால் கிடக்கட்டும்."

அம்மா முன்னறைக்குள்தான் இருந்தார். வாளி முற்றத்தில் தனியே கவிழ்ந்து கிடந்தது. பாயில், படத்துக்கு நேரே, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டு, மடியில் சுளகை வைத்து அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"இப்பதான் இருந்து கதைக்க வசதியாக் கிடக்கு," என்றார்.