கடல் பக்கத்து நாற்காலி

ஊரில் கடலை ஒட்டி ஒரு பெரிய கடைத்தொகுதி இருந்தது. கீழ்த்தளம் முழுக்கத் துணிக்கடையும் செருப்புக்கடையும். மேல்தளத்தில் சாப்பாட்டுக் கடைகள், அவற்றுக்கு முன்னால் கடலைப் பார்த்தாற்போல நீள வராந்தா, வராந்தா ஓரத்தில் இடுப்புயரத்துக்குக் கண்ணாடித் தடுப்பு. அந்தத் தடுப்பைத் துடைத்துத் துடைத்தே கண்ணாடிக்காரி என்று பேர் வாங்கியவள் இவள். வீட்டில் வைத்த பேரைச் சம்பளம் போடுகிறவர்களைத் தவிர வேறு யாரும் சொல்வதில்லை.

கடல் காற்று என்ன லேசுப்பட்டதா? காலையில் துடைத்தால் மத்தியானத்துக்குள் உப்புப் படிந்து கண்ணாடி மங்கிப்போகும். சாப்பிட வந்தவர்கள் கடல் தெரியவில்லை என்று முகம் சுளிப்பார்கள். மறுபடி வாளி, மறுபடி துணி, மறுபடி ரப்பர் பட்டை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை முடித்துவிட்டு அப்பாடா என்று திரும்பினால், ஆரம்பித்த இடம் வெளுத்துப்போய் இவளைப் பார்த்து இளிக்கும். "இருடி, வரேன் உனக்கு" என்பாள் அதைப் பார்த்து. கண்ணாடியோடு பேசுகிறாள் என்று மற்றவர்கள் கேலி பண்ணினால், "மனுஷங்க எங்க பேசறாங்க நம்மகிட்ட?" என்று வாயை அடைத்துவிடுவாள்.

அவள் வாழ்க்கையை ஒரு வார்த்தையில் சொல்லச் சொன்னால் நின்றாள் என்றுதான் சொல்ல வேண்டும். புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்கினவன், தங்கமான மனுஷன், ஆயுசுதான் கட்டை. அவன் கண்ணை மூடியபோது கையில் இரண்டு பெண் பிள்ளைகள். மீன் கழுவுகிற கொட்டகையில் ஐஸ் தண்ணீரில் கை மரத்துப்போக நின்றாள். சலவை ஆலையில் ஆவிக்கு நடுவே நின்றாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் துடைப்பத்தோடு நின்றாள். பார்த்த எந்த வேலையிலும் அவளுக்கென்று ஒரு நாற்காலி போட்டவர் கிடையாது. பெண்களைக் கரையேற்றி அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது முழங்கால் இரண்டும் போயிருந்தன.

இப்போது வீட்டில் அவளுக்குத் துணை அவள் நாத்தனார். புருஷனின் அக்கா. ஏற்றுமதித் துணி தைக்கிற ஆலையில் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்தே காலம் தள்ளினவள். இவளுக்கு நின்று நின்று கால் போச்சு, அவளுக்கு உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்புப் போச்சு. இரண்டு பேருக்கும் தைலப் புட்டி ஒன்றுதான். யார் முதலில் தேய்ப்பது என்று தினமும் ராத்திரி ஒரு சண்டை நடக்கும். சண்டை ஓய்ந்ததும் ஒருத்தி இன்னொருத்திக்குத் தேய்த்துவிடுவாள்.

போன வாரம் நடந்த கூத்துதான் எல்லாவற்றுக்கும் காரணம். கொளுத்துகிற வெயில். கண்ணாடி துடைத்துக்கொண்டே வந்தவளுக்குத் திடீரென்று கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஓரத்து மேஜை காலியாக இருந்தது. விழுந்துவிடுவோமோ என்று பயந்து நாற்காலியில் சட்டென்று உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து மூச்சு வாங்கக்கூட இல்லை, சூப்பர்வைசர் வந்து நின்றான். அவள் பெரிய பெண்ணைவிட வயதில் சின்னவன். இடுப்பில் வாக்கிடாக்கி, முகத்தில் கடுகடுப்பு.

"எந்திரி. இது கஸ்டமர் உக்கார்ற இடம்."

"தலை சுத்துது சார். ஒரு நிமிஷம்."

"சுத்தினா கீழ பின்பக்கம் போ. எந்திரின்றேன்ல?"

எழுந்தாள். அதோடு விட்டானா பாவி? "நீ உக்காந்த நாற்காலிய மருந்து அடிச்சுத் தொடச்சிட்டுப் போ" என்றான். பக்கத்து மேஜைகளில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் துடைத்தாள். அன்று வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம் சொல்லும்போது அவளுக்கு வயிறு எரிந்ததே, அது அவன் சொன்ன சொல்லுக்காகக்கூட இல்லை. அவன் வாய் மூடுவதற்குள் தன் கை துணியை எடுத்துவிட்டதே என்றுதான் எரிந்தது.

"நான் என்ன அழுக்கா அண்ணி? நான் உக்காந்த எடத்த நானே கழுவி விடணுமா?"

"நீ ஏண்டி தொடச்ச? அந்தத் துணிய அவன் மூஞ்சில வீசிட்டு வர வேண்டியதுதானே?"

"வீசிட்டு? வாடகைய உங்க தம்பி மேலருந்து அனுப்புவாரா?"

நாத்தனார் தைலப் புட்டியை எடுத்து வந்தாள். இவள் காலை நீட்டிக்கொண்டே சொன்னாள். "செவ்வாக்கிழமை எனக்கு லீவு. நாம ரெண்டு பேரும் அங்க போய் சாப்பிடறோம். அதே மேஜை, அதே நாற்காலி. எவன் எழுப்பறான்னு பார்க்கறேன்."

லீவு நாளில்கூட வேலைக்காரர்கள் அந்த வராந்தாவில் தலைகாட்டக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். நாத்தனாருக்கும் அது தெரியும். "வேலை போயிடும்டி" என்றாள்.

"அன்னைக்கு நான் வேலைக்காரி இல்ல. சாப்பிட வந்தவ."

செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார்கள். இறங்கினதிலிருந்து நாத்தனார் தன் புதுச் செருப்பைப் பற்றியே புலம்பிக்கொண்டு வந்தாள். கடிக்கிறது, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான், உன் பேச்சைக் கேட்டு வாங்கினேன் பார். இவளும் விடாமல் பதிலுக்குப் பதில் கொடுத்துக்கொண்டே நடந்தாள். வாய் சண்டையில் இருந்ததா, கால் தன் பாட்டுக்குப் பழகின வழியில் போய்விட்டது. கட்டடத்தைச் சுற்றி, குப்பை வண்டி நிற்கிற சந்துக்குள் நுழைந்து, வேலைக்காரர்களுக்கான பின்வாசல். காவலாளி போனில் மும்முரமாக இருந்தான். சுவரில் வருகை பதிகிற மிஷின். வீட்டுக்குள் நுழைந்ததும் விளக்கைப் போடுகிற மாதிரி, இவள் கட்டைவிரலை அதன்மேல் வைத்துவிட்டாள். அது பீப் என்றது. பச்சை விளக்கு எரிந்தது.

"ஐயையோ!"

"என்னடி ஆச்சு?"

"வேலைக்கு வந்துட்டேன்னு போட்டுட்டேன் அண்ணி."

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். "சேலைக்கு இஸ்திரி போட்டு, தலைக்கு மை பூசி, பவுடர் அடிச்சு, வேலைக்கா வந்த? என் தம்பிகிட்டகூட நீ இவ்வளவு விசுவாசமா இருந்ததில்லடி!" என்று சொல்லிவிட்டு அவளே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மிஷினில் ஒரு தரம் விரலை வைத்தால் வைத்ததுதான், சாயங்காலம் வரை அது ஆளை விடாது. அதை மாற்ற ஒருவனால்தான் முடியும். அந்த ஒருவன் யார் என்று சொல்லத் தேவையில்லை.

"திரும்பிப் போயிடலாமா?" என்றாள் நாத்தனார், இந்தத் தடவை மெதுவாக.

"போறதாவது! வாங்க முன்வாசலுக்கு."

முன்வாசல் கதவு தானாகத் திறந்து வழிவிட்டது. குளுகுளுவென்று காற்று முகத்தில் அடித்தது. நகரும் படியைப் பார்த்ததும் நாத்தனார், "நான் மாட்டேன், இது என்ன எங்க கொண்டு போய் விடுமோ" என்று தூணைக் கட்டிக்கொண்டாள். இவள் கையைப் பிடித்து இழுத்து ஏற்றி, கண்ணை மூடிக்கொண்ட அவளை மேலே இறக்கிவிட்டாள். ஓரத்து மேஜை காலியாகத்தான் இருந்தது. நாலு நாற்காலி. அன்றைக்கு உட்கார்ந்த அதே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

எதிரே கடல். இத்தனை வருஷமாக அந்தத் தடுப்புக்கு முன்னால் நின்றவள்தான், ஆனால் அவள் கண் என்றைக்கும் கண்ணாடியோடு நின்றுவிடும். இன்றைக்கும் முதலில் மூலையில் இருந்த ஒரு விரல் ரேகைதான் தெரிந்தது. கண்ணை வலுக்கட்டாயமாக அதைத் தாண்டி அனுப்பினாள். தூரத்தில் இரண்டு கப்பல் நின்றன. ஒரு படகு வெள்ளையாக நுரை தள்ளிக்கொண்டு போயிற்று. "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

"கண்ணாடி துடைக்கிறவ ஒழுங்கா துடைச்சிருந்தா இன்னும் நல்லா தெரியும்" என்றாள் நாத்தனார்.

பரிமாறுகிற பெண்ணுக்கு இவளை அடையாளம் தெரிந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "என்ன வேணும் மேடம்?" என்று கேட்டாள். இரண்டு காபியும், பொரித்த மீன் ஒரு தட்டும், நாத்தனார் ஆசைப்பட்டதற்காக ஒரு ஐஸ்கிரீமும் சொன்னார்கள். காபி வந்தது. சூப்பர்வைசரும் வந்தான்.

"என்ன இது?"

"காபி, தம்பி" என்றாள் கண்ணாடிக்காரி.

அவளிடம் 'சார்' என்பதைத் தவிர வேறு கேட்டுப் பழகாத காது அது. சுற்றிலும் ஆட்கள் இருந்ததால் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "இன்னைக்கு உனக்கு லீவுன்னு இருந்தேன். மிஷின்ல நீ வேலைக்கு வந்ததா காட்டுது. வேலை நேரத்துல யூனிஃபார்ம் இல்லாம கஸ்டமர் மேஜைல உக்காந்து காபி குடிக்கிற. எந்திரி. போய் மாத்திட்டு வா."

"பழக்க தோஷத்துல விரல வெச்சிட்டேன். இன்னைக்கு நான் சாப்பிடத்தான் வந்தேன்."

"மிஷின் பொய் சொல்லாது. எந்திரிக்கிறியா, இல்ல நாளைலருந்து வர வேணாமா?"

நாத்தனாருக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்துவிட்டது. "ஏம்ப்பா, நாங்க என்ன ஓசிலயா குடிக்கிறோம்? யாரப் பார்த்து எந்திரின்ற?" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து மேஜைகளில் கரண்டிகள் நின்றன.

"நீங்க தாராளமா உக்காருங்கம்மா. நீங்க கஸ்டமர். அவங்கதான் எந்திரிக்கணும்."

எல்லாரும் திரும்பிப் பார்ப்பதைக் கவனித்ததும் அவன் சுருதி இறங்கியது. முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு குனிந்தான். "சரி, சத்தம் வேணாம். தெரியாம வெச்சிட்டேன், மன்னிச்சிடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லு. லீவுன்னு மாத்திடறேன். கஸ்டமராவே உக்காந்து சாப்பிட்டுட்டுக் கிளம்பு. போதுமா?"

போதும்தான். அதற்காகத்தானே இத்தனை பாடும். நாத்தனார்கூட, சொல்லிவிடேன் என்று மேஜைக்கு அடியில் காலைத் தட்டினாள். கண்ணாடிக்காரியும் வாயைத் திறந்தாள். அப்போது எதிரில், எச்சில் தட்டு அடுக்குகிற அலமாரிக்குப் பக்கத்தில், மேஜைகளைக் காலி பண்ணுகிற தட்டுக்காரி நிற்பது கண்ணில் பட்டது. இங்கேயே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது காலைத் தூக்கி இடது காலில் பாரத்தைப் போட்டு, கொஞ்சம் பொறுத்து இடது காலைத் தூக்கி வலது காலில் போட்டு. கண்ணாடிக்காரியும் நாளைக்குக் காலையில் அப்படித்தான் நிற்கப்போகிறாள். இன்றைக்கு நல்ல சேலைக்காரியை உட்கார வைத்துக் காபி கொடுத்துவிட்டு, நாளைக்கு வாளிக்காரியை எழுப்பி நாற்காலியைத் துடைக்கச் சொல்வான். அவமானப்பட்டவள் வாளிக்காரி அல்லவா? அவளுக்கு இதில் என்ன கிடைத்தது?

காபியை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"மாத்த வேணாம் தம்பி. மிஷின் சொல்றது சரிதான். நான் வேலைக்குத்தான் வந்திருக்கேன்."

நாத்தனார் வாயைப் பிளந்தாள். சூப்பர்வைசர் நிமிர்ந்தான். "அப்போ எந்திரி."

"மாட்டேன். வேலைக்காரியாத்தான் உக்காந்திருக்கேன். கால் வலிக்குது. வலி கொஞ்சம் அடங்கினதும் எந்திரிச்சுத் தொடைக்கிறேன். அதோ அந்த மூலைல கறை இருக்கு, எனக்குத் தெரியுது. திரும்பவும் வலிச்சா திரும்பவும் உக்காருவேன்."

"வேலை போயிடும். நல்லா யோசிச்சுப் பேசு."

"யோசிச்சுத்தான் பேசறேன். பயமாத்தான் இருக்கு. ராத்திரி அடுப்பு எரியணும், வாடகை குடுக்கணும், எல்லாந்தான் இருக்கு. அதுக்காக நான் உக்காந்த நாற்காலிய நானே மருந்து அடிச்சுத் தொடைக்க மாட்டேன். இன்னைக்கும் மாட்டேன், நாளைக்கும் மாட்டேன்." குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று நிறுத்தாமல் பேசினாள்.

"உன்னப் பார்த்து எல்லாரும் உக்கார ஆரம்பிச்சா?"

"உக்காரட்டும். கால் எல்லாருக்கும் ரெண்டுதானே?" என்றவள் அவனைத் தாண்டிக் குரல் கொடுத்தாள். "ஏ தட்டு! காலைலருந்து நிக்கிறியே, வா இங்க. ஒரு நிமிஷம் உக்காரு."

தட்டுக்காரி சூப்பர்வைசரைப் பார்த்தாள், கையிலிருந்த தட்டுகளைப் பார்த்தாள். அவற்றை அலமாரியில் வைத்துவிட்டு மெதுவாக நடந்து வந்தாள். நாத்தனார் உடனே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நீ உக்காந்தா உனக்கும் அதே கதிதான்" என்றான் சூப்பர்வைசர்.

தட்டுக்காரி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "அம்மாடி" என்று உட்கார்ந்தாள். கண்ணாடிக்காரி தன் காபியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

சூப்பர்வைசர் முகத்தில் ஈயாடவில்லை. இடுப்பிலிருந்து வாக்கிடாக்கியைப் பிடுங்கி மேனேஜரைக் கூப்பிட்டான். "சார், கொஞ்சம் மேல வாங்க. நம்ம ஆளுங்க கஸ்டமர் இடத்துல உக்காந்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்கறாங்க."

"எத்தனை பேருப்பா?" என்றது வாக்கிடாக்கி.

"ரெண்டு பேர் சார்."

சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு, பாத்திரம் கழுவுகிறவள் ஈரக் கையோடு வந்துகொண்டிருந்தாள். கண்ணாடிக்காரி உட்கார்ந்தபடியே நாலாவது நாற்காலியைக் காலால் தள்ளி அவள் பக்கம் திருப்பிவைத்தாள்.

"சரியா எண்ணிச் சொல்லுங்க தம்பி" என்றாள்.