செலஸ்தீனாவின் முகம்

வவுனியாச் சந்தைக்குப் பக்கத்தில் நிஸார் ஒரு கொமினிகேசன் நடத்தினார். நாலு கம்பியூட்டர், ஒரு ஸ்கேனர், கண்ணாடிக் கூண்டுக்குள் தொலைபேசி. மேசையில் இருந்தவள் அவருடைய தங்கை ஹாலிதா. தண்ணீரூற்றில் பிறந்து, அங்கிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்து அகதி முகாமில் வளர்ந்து, சண்டை ஓய்ந்து பாதை திறந்தபிறகு ஊருக்கென்று புறப்பட்டு, பாதி வழியில் வவுனியாவோடு நின்றுவிட்ட குடும்பம். ஹாலிதா எதையும் ஒழுங்குபடுத்தாமல் விடமாட்டாள். கடைக்கு வருகிறவர்களின் செருப்பைக்கூடச் சோடி சேர்த்து வைப்பாள். தனக்குக் கற்பனை என்று ஒன்றும் இல்லை, ஒழுங்குதான் இருக்கிறது என்று எல்லோருக்கும் சொல்வாள். அப்படிச் சொன்னவள் மத்தியான வெயிலில், வாய் சற்றே திறந்திருக்க, கண்ணாடிக்கு வெளியே எதையோ பார்த்தபடி எவ்வளவு நேரம் இருப்பாள் என்பதை அவளுக்கு ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டுத் தொடக்கத்தில் அவளுக்கு ஒரு விசர் பிடித்தது. ஆங்கிலத் தளம் ஒன்றில் பார்த்த விளையாட்டு. கதை எழுதுகிறவர்களும் படம் வரைகிறவர்களும் தங்கள் மனதிலிருந்து ஒரு ஆளைப் படைத்துக் கொண்டு வரவேண்டும். இரண்டிரண்டு பேராகச் சோடி போடுவார்கள். உன் ஆளும் என் ஆளும் மோதினால் என்ன நடக்கும் என்று நீ உன் பாட்டுக்கு எழுது, நான் என் பாட்டுக்கு வரைகிறேன். வாசித்தவர்கள் வாக்குப் போடுவார்கள். தோற்ற ஆள் வெளியே, வென்ற ஆள் அடுத்த சுற்றுக்கு. இதைத் தமிழில் நடத்தினால் என்ன? மன்றம் ஒன்றைத் திறந்தாள், விதிகளைப் பாமினி எழுத்துருவில் தட்டினாள். கொழும்பு, மட்டக்களப்பு, ரொறொன்ரோ, சென்னை என்று ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். கடை மின்சாரத்தில் இதென்ன கூத்து என்று நிஸார் முணுமுணுத்தார். பிறகு அவரே வாக்குப் போட்டார்.

முதல் சுற்று முடிந்தபோது ஹாலிதா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை! கொழும்புக்காரரின் வாள்வீரன் மட்டக்களப்புக்காரியின் கதைக்குள் போனான். அவள் அவனுக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுத்து, பிட்டும் மீன்சொதியும் வைத்து, பாய் போட்டுப் படுக்கவிட்டாள். கொழும்புக்காரரும் சும்மா இருக்கவில்லை. தன் கதையில் அவளுடைய ஆளை வாள்வீரன் பஸ் ஏற்றிவிட்டுக் கையசைப்பதாக எழுதினார். மற்றச் சோடிகளும் அந்த இலட்சணம்தான். அடுத்தவருடைய ஆள் நம் கதைக்கு வந்தால் அது விருந்தாளி, விருந்தாளியை எப்படி அடிப்பது என்று எல்லோரும் ஒரே நியாயம் பேசினார்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு என்று ஹாலிதா மன்றத்தில் எழுதிப் பார்த்தாள். நாலாம் நாளும் சோறு போட்டார்கள். கடைசியில் விதியைத்தான் மாற்றவேண்டி வந்தது. ஆரை ஆர் வெல்கிறார் என்பதை விட்டு, வந்த ஆளை ஆர் நன்றாக அறிந்து எழுதினார் என்று வாக்குப் போடச் சொன்னாள். அதோடு இன்னொரு விதி: சோடியில் ஒருவர் செய்ததை மற்றவர் பார்த்தபிறகுதான் முடிவு வெளிவரும்.

இந்தக் கூட்டத்துக்குள் கம்பியூட்டரைக் கண்ணால் காணாமலே ஒருத்தி சேர்ந்திருந்தாள். பாதைக்கு அப்பால் கடலோரத்தில், நாயாற்றுக் கரையில், கருவாடு காயவைக்கும் வாடியில் காகம் கலைத்தபடி எழுதும் ஜோசப்பின். கொப்பித் தாளில் எழுதி, வவுனியாவுக்கு மீன் கொண்டுவரும் தங்கராசாவின் லொறியில் கொடுத்துவிடுவாள்; மற்றவர்கள் எழுதியதை ஹாலிதா அச்சடித்து அதே லொறியில் அனுப்புவாள். தாளில் மீன் வெடுக்கு மணக்கும். ஹாலிதா மூக்கைச் சுளித்துக்கொண்டே தட்டச்சத் தொடங்குவாள், பத்து வரி போனதும் மூக்கை மறந்துவிடுவாள்.

ஜோசப்பின் படைத்த ஆளுக்குப் பேர் செலஸ்தீனா. வள்ளத்தில் கண்ணயர்ந்தவர்களிடமிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்த கனவுகளை, கருக்கல் நேரத்தில் களப்பின்மேல் நடந்து நடந்து பொறுக்குகிறவள். பொறுக்கியதை மணலில் விரித்துக் காயவைப்பாள். ஈரம் போனபிறகு வீடு வீடாகக் கொண்டுபோய் உரியவரின் தலைமாட்டில் வைப்பாள். சிலது ஆருடையது என்று தெரியாது. அதையெல்லாம் தன் சேலை மடியில் வைத்துக்கொண்டு திரிவாள்.

ஜோசப்பினுக்குப் பரிசு வேண்டியிருக்கவில்லை. அவள் போட்டிக்கு வந்ததே ஒரேயொரு ஆசையில்தான். செலஸ்தீனாவின் நடை தெரியும், கை தெரியும், குரல்கூடத் தெரியும். முகம் மட்டும் பிடிபடுவதில்லை. பார்க்கப் போனால் நழுவிவிடுகிறது. அவளுக்கோ ஒரு கோடுகூட நேராக இழுக்க வராது. வரைகிற ஆள் ஒருவரோடு சோடி விழுந்தால் அந்த முகத்தை ஒருதரம் பார்த்துவிடலாம் என்று லொறிக்காரரிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். ஆனால் சுற்றுக்குச் சுற்று அவளுக்கு எழுத்துக்காரரே வாய்த்தார்கள். எல்லோரையும் தாண்டி வந்து இறுதிச் சுற்றில்தான் ஒரு ஓவியக்காரி கிடைத்தாள். சின்ன வயதில் பூநகரியை விட்டு வெளிநாடு போன யதுசா. ரொறொன்ரோப் பனிக்குள் மணியடித்து ‘பூநகரி, பூநகரி’ என்று ஆள் ஏற்றித் திரியும் பஸ் கொண்டக்டர்தான் அவளுடைய ஆள். படம் வந்ததும் அச்சடித்து அனுப்புவேன், இது என் பொறுப்பு என்று ஹாலிதா லொறிக்காரரிடம் வாக்குக் கொடுத்தாள்.

ஜோசப்பினின் இறுதிக் கதை ஆடி மாதத்தில் வந்தது. பனிக்குள் பஸ்ஸுக்குக் காத்து நின்றவர்கள் தவறவிட்ட கனவுகளைச் செலஸ்தீனாவும் கொண்டக்டரும் சேர்ந்து பொறுக்குகிறார்கள். தட்டச்சி முடித்தபோது ஹாலிதாவின் கை குளிர்ந்திருந்தது. அதற்குப் பிறகு சண்டை மூண்டது. ஆவணியில் பாதையை மறுபடி பூட்டினார்கள். லொறி நின்றது.

யதுசாவின் படம் அதற்குப் பிறகுதான் வந்தது. திரையில் அது மேலிருந்து கீழே மெல்ல மெல்ல இறங்க ஹாலிதா பார்த்துக்கொண்டிருந்தாள். நீல இருட்டு, வெண்பனி, பஸ்ஸின் மஞ்சள் வெளிச்சம், மிதிபலகையில் கொண்டக்டர், அவர் கைகொடுத்து ஏற்றும் ஒரு பெண். சேலை மடி கனத்துத் தொங்குகிறது. அப்படியொரு அழகு. ஆனால் அந்தப் பெண் முதுகு காட்டி நின்றாள். முகமே இல்லை.

ஹாலிதாவுக்கு ஆத்திரம் வந்தது. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டு எழுதினாள். யதுசா பணிவாகப் பதில் போட்டாள். இன்னொருவர் பெற்ற பிள்ளைக்குத் தான் முகம் வைப்பது மரியாதையில்லையாம், அதனால்தான் திருப்பி நிறுத்தினாளாம். ஹாலிதாவால் ஏசவும் முடியவில்லை. அதே மரியாதைதானே முதல் சுற்றிலிருந்து இவளுடைய போட்டியைச் சோறு போட்டே கெடுத்தது. வாக்குகள் வந்து முடிந்தன. ஜோசப்பின் வென்றிருந்தாள். படத்தை அவள் பார்க்காமல் முடிவைச் சொல்ல விதியில்லை, விதி போட்டவளும் ஹாலிதாதான்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் தொலைபேசி அடித்தது. புதுக்குடியிருப்பில் ஒரு கடையில் எப்போதாவது லைன் கிடைக்குமாம். உடையார்கட்டில் மாமி வீட்டுக்கு இடம்பெயர்ந்திருந்த ஜோசப்பின் அங்கே வந்து காத்துக்கிடந்து கோல் எடுத்திருக்கிறாள். முதன்முதலாகக் கேட்கும் குரல். சுகம் விசாரிக்கக்கூட அவள் நிற்கவில்லை.

“படம் வந்திட்டுதோ அக்கா? முகம் எப்பிடி இருக்கு?”

உண்மையைச் சொல்லத்தான் ஹாலிதா வாயைத் திறந்தாள். சத்தியமாக அப்படித்தான். ஆனால் அந்தக் குரலில் இருந்த தவிப்புக்கு முன்னால் உண்மை வெளியே வரவில்லை. வேறொன்று வந்தது. அகன்ற நெற்றி என்றாள். தூரத்தில் ஆரோ கூப்பிட்ட மாதிரி ஒரு புருவம் சற்று உயர்ந்திருக்கு என்றாள். சொல்லச் சொல்ல கடைச் சத்தம் அடங்கிப்போனது. கண்ணாடிக்கு வெளியே வெயிலுக்குள்ளிருந்து அந்த முகம் தானாக நடந்து வந்து அவள்முன் நின்றது. உதட்டோரத்தில் உப்புக் காய்ந்திருக்கு. கன்னத்தில் அம்மைத் தழும்பு. கண் சிரிக்கவில்லை, ஆனால் இப்போது சிரித்துவிடும். ஹாலிதாவுக்கு அந்தப் பெண்ணைத் தொட்டுப் பார்க்கலாம் போலிருந்தது. 

 ஜோசப்பின் மெதுவாகக் கேட்டாள்.

“படத்தில முகம் இல்லை, என்ன அக்கா?”

 ஏன் அப்படிக் கேட்கிறாய் என்றாள் ஹாலிதா.

“படத்தைப் பாத்துச் சொல்லுற ஆக்கள் நிண்டு நிண்டு சொல்லுவினம். நீங்கள் ஒரு இடத்திலயும் நிக்கேல்லை.”

ஹாலிதா எல்லாவற்றையும் சொன்னாள். யதுசாவின் மரியாதையைச் சொன்னாள், தன் பொய்யைச் சொன்னாள், மன்னிப்புக் கேட்டாள். ஜோசப்பின் அழுதாள். மறைக்காமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதாள். அழுது முடித்துத்தான் பேசினாள்.

“நீங்கள் சொன்ன ஆள் செலஸ்தீனா இல்லை அக்கா. செலஸ்தீனா அப்பிடிச் சிரிக்கிற ஆளில்லை. அவா உங்கட ஆள்.”

“என்னட்ட அப்பிடி ஒருத்தரும் இல்ல தங்கச்சி. எனக்குக் கற்பனை வராது.”

“வந்திட்டா. அடுத்த முறை போட்டி வைக்கேக்க என்ர ஆளோட அவாவைச் சோடி போடுங்கோ. நான் நல்லாப் பாப்பன். அவான்ர பேர் என்ன?”

ஹாலிதா யோசித்தாள். அதற்குள் லைன் அறுந்துவிட்டது.

வென்றது நீதான் என்று சொல்ல மறந்துபோனது அதற்குப் பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தன் ஆளின் பேரும் அப்போதுதான் வந்தது. ரிசீவரை வைக்காமல், கேட்க ஆளில்லாத அந்த லைனுக்குள் “சுலைஹா” என்றாள்.